இருபது சதவீதம்

வாரத்தில் நான்கு நாள் என்மேல் மீன் வாடை.
வியாழன் மட்டும்
நூலகக் கம்பளத்தின் ஈர வாடை.
கிரிம்ஸ்பியில் ஆறு நாற்பத்தொன்பதுக்கு ஏறினால்
லிங்கன் வரும்வரை அந்தப் பெட்டியில்
விழித்திருப்பது நானும்
யாரோ ஒருவருடைய பழுப்பு நாயும்.

படிக்கிறாயா வேலை பார்க்கிறாயா என்கிறார்கள்.
இரண்டும் என்றால், பாதிப்பாதியா என்கிறார்கள்.
பாதி இல்லை.
எண்பதும் இருபதும்.
படித்த மணியை எல்லாம் கட்டம் கட்டமாக
இணையப் பதிவேட்டில் நிரப்ப வேண்டும்.
ரயிலில் வாசித்தது சேராது.
குளிர்கிடங்குக் கழிவறையில் அழுத பன்னிரண்டு நிமிடமும்
சேராது.

லீட்ஸ் விடுதியிலிருந்து இமோஜன்
இரவு மூன்று மணிக்குப் படம் அனுப்புவாள்:
தலையில் போக்குவரத்துக் கூம்பு, கையில் பொரித்த கோழி.
அதே மூன்று மணிக்கு நான்
தலையில் வலைத்தொப்பி, கையில் ஸ்டாப்வாட்ச்.
அவள் பெயரில் கடன் ஏறுகிறது.
என் பெயரில் கடனில்லை,
ஒரு லாக்கர் இருக்கிறது.
அதன் சாவி பாதி நாள் திரும்பாது.

இரண்டாம் ஆண்டு. பாடம்: செயல்முறை மேம்பாடு.
இரண்டாயிரத்து ஐந்நூறு சொற்கள்,
சொந்தப் பணியிடத்திலிருந்து சான்றுடன்.
ஒன்பது இரவு பேக்கிங் வரிசையில் நின்றேன்.
ஹாடக் மீன் பெட்டிகள் வந்தன, போயின.
இரண்டாவது மேசையில் ஷீலா ஸ்டாதர்
கோணலாக ஒட்டிய லேபிளை உரித்து
நேராக ஒட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு பெட்டிக்குப் பதினோரு விநாடி.
நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்து
கண் சிமிட்டினாள்.
அதற்கு இரண்டு விநாடி.
அதையும் சேர்த்துத்தான் சராசரி எடுத்தேன்.

வரைபடத்தில் அவள் 'பணியாளர் 2'.
பெயர் எழுதக்கூடாது, ஆய்வு நெறி.
அவளைச் சுற்றிய கட்டத்துக்குச் சிவப்பு பூசி
பக்கத்தில் தட்டினேன்:
மதிப்புச் சேர்க்காத செயல்.

எழுபத்து நான்கு மதிப்பெண்.
ஓரத்தில், 'துணிச்சலான பரிந்துரை.'
மேலாளர் பெல் அச்செடுத்து வாசித்துவிட்டு
இதை நாம் செய்யலாமே என்றார்.
எனக்கு உச்சி குளிர்ந்தது.
அன்று முழுக்க
கால் தரையில் பாவவில்லை.

மார்ச்சில் இயந்திரம் வந்தது.
இரண்டாவது மேசை போனது.
அது நின்ற இடத்தில்
நான்கு வெள்ளை வட்டங்கள்,
மற்றத் தரையைவிடச் சுத்தமாக.

இயந்திரம் கெட்டுப்போகும்,
நான் எழுதியது தப்பென்று ஆகும் எனக்
கொஞ்ச நாள் காத்திருந்தேன்.
கெடவில்லை.
நன்றாகவே ஒட்டுகிறது.

ஷீலாவுக்கு வாரம் நாற்பது மணி
இருபத்து நான்காயிற்று.
கேன்டீனில் சூப் கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.
"அந்த ஸ்டாப்வாட்ச் அதுக்குத்தானா?"
ஆமாம் என்றேன்.
"எவ்வளவு போட்டான்?"
எழுபத்து நான்கு.
கரண்டியை ஊதினாள்.
"என் பதினாறு மணி நேரத்துக்கு
எண்பதாவது போட்டிருக்கலாம்."
பிறகு மகனுக்குக் கால்பந்து ஷூ வாங்கும் கதையைச் சொன்னாள்,
பழையதின் முனையை வெட்டிவிட்டானாம், விரல் நீட்ட.
சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.
சூப் தீர்ந்தது. எழுந்து போனாள்.

நேற்றிரவு பதிவேடு திறந்தேன்.
'இந்தத் திட்டத்திலிருந்து கற்றது என்ன?'
முந்நூறு சொற்கள்.
'பங்குதாரர்களுடன் தொடர்புகொண்டேன்' என்று தொடங்கி
அழித்தேன்.
ஷீலா என்று தட்டி
அழித்தேன்.
கடைசியில் நேரத்தையாவது பதியலாம் என்று
நான்கு நிமிடம் என எழுதினேன்.
அரை மணிக்குக் குறைந்த எதையும்
அந்தக் கட்டம் ஏற்கவில்லை.

இன்று வியாழன்.
இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து
புதுச் சட்டை மாட்டி ஏறினேன்.
பழுப்பு நாய் எழுந்து வந்து
என் கையை வெகுநேரம் முகர்ந்தது.
பின்பு, தனக்குத் தெரிந்த இடம்போல,
என் காலடியில் படுத்துக்கொண்டது.